உன் சுண்டுவிரல் அழுத்திய சுரம்

கதிருக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம். என்னைப் பற்றி அந்த வார்த்தையை எழுத இன்று மனம் வரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

நீ சொன்னபடியே பியானோவைக் கொடுத்தாயிற்று. இன்று காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு குட்டியானை வண்டியில் நான்கு பேர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய இரும்பும் மரச்சாமானும் வாங்குகிறவர்கள். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் நல்ல எடை வரும், பலகை ஆசாரிக்குப் போகும் என்று அவர்களில் மூத்தவர் சொன்னாராம். வாசிப்பதற்கென்று கேட்டு யாரும் வரவில்லை. உப்புக்காற்றில் பதினெட்டு வருஷம் நின்ற சாமானை யார் வாசிக்க வாங்குவார்கள்? ஈரம் ஏறாமலிருக்க உள்ளே எரியவிட்டிருந்தோமே ஒரு நாற்பது வாட் பல்பு, அதை மட்டும் அப்பா கழற்றி வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பியானோ நின்ற இடத்தில் தரை வெளுப்பாக இருக்கிறது. பெண் வீட்டார் ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்றார் அப்பா. படுக்கலாம்தான்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு தாய் தன் மகனுக்கு எழுதவேண்டிய கடிதம் வேறு. பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், மாமனார் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கையில் நாலு காசு சேர்ப்பது எப்படி என்றெல்லாம் எழுதலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயம் பதினோரு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உனக்கு என்ன புத்திமதி சொன்னாலும் அது பொய்யாகிவிடும். நான் கெட்டிக்காரி என்று உனக்கு இத்தனை நாள் ஒரு எண்ணம் இருந்திருக்கும். இதைப் படித்து முடிக்கும்போது அது இருக்காது.

சென்ற மாதம் நிவேதா அவளுடைய அம்மாவோடு நம் வீட்டுக்கு வந்தாளே, அன்றைக்குத்தான் இது தொடங்கியது. நீ பெங்களூரில் இருந்தாய். பெண் நல்ல மாதிரி, எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவள், உன் அறையில் துணி போர்த்தியிருந்த பியானோவைப் பார்த்து நின்றாள். துணியை ஓரமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, இத யாரு வாசிப்பா?" என்று கேட்டாள். அவள் என் முகத்துக்கு நேராக நின்று கேட்டதால் எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "யாரும் வாசிக்கதில்ல தாயி. கப்பல்காரங்க தங்குத விடுதிய மூடும்போது உங்க மாமா வாங்கிப் போட்டது" என்று சொல்லிவிட்டேன். அவளும் தலையாட்டிவிட்டுத் துணியைச் சரியாகப் போர்த்தினாள்.

அவள் போன பிறகு அடுப்படியில் நின்றுகொண்டு யோசித்தேன். உனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் நீ துறைமுக பீச்சில் கல் குத்தி ஆறு தையல் போட்டது தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை, பள்ளிக்கூடமும் சாப்பாடும் தூக்கமும் போக மிச்சமிருந்த நேரமெல்லாம் நீ அந்தப் பியானோ ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாய் என்பது தெரியவில்லை. நீ அவளிடம் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விடுகிற விஷயமா இது? வெட்கப்படுகிற விஷயத்தைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் இப்படி மறைப்பார்கள். உன்னை வெட்கப்பட வைத்தவள் நான். அன்றைக்கு அவளிடம் பொய் சொல்லி அதை இன்னொரு முறையும் உறுதிப்படுத்திவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பதினெட்டு மெஷின். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச். முப்பது வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்து நான் படித்ததெல்லாம் இரண்டே விஷயம். ஒன்று, விரல் ஒவ்வொன்றாகத்தான் விழவேண்டும். இரண்டு எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் தண்டுகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், மெஷின் நின்றுவிடும். இன்னொன்று, தப்பு என்றால் தப்பு, அதற்குச் சமாதானம் கிடையாது. சிவப்புப் பென்சிலால் சுழித்துவிட வேண்டியதுதான். திரும்பிப் பார்க்காமலே, எந்த மெஷினில் எவள் தப்பு அடித்தாள் என்று சத்தத்தை வைத்துச் சொல்லுவேன். "டீச்சர் காது பாம்புக் காது" என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். அதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே கிடையாது. தப்பான விரல் தப்பான எழுத்தில் இருந்தால், பின்னாலிருந்து போய் அந்த விரலைப் பிடித்துத் தூக்கி எடுப்பேன். அடிக்க மாட்டேன், விரலைத் தூக்குவேன். அடியைவிட அதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் கூசினார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பியானோ வந்தது. நீ தொட்ட முதல் வாரமே நான் ஒரு வேலை செய்தேன். டைப் படிக்கிறவர்கள் எழுத்தைப் பார்த்து அடித்துப் பழகக் கூடாது என்று மெஷின் மேல் ஒரு மரப்பெட்டி கவிழ்ப்போம் அல்லவா, அதேபோல உன் பியானோக் கட்டைகளின் மேலும் ஒன்று செய்து கவிழ்த்தேன். நீ சிரித்தாய். பெட்டிக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு மூன்று மாதம் வாசித்தாய். பார்க்காமல் வாசிக்க அதனால்தான் வந்தது என்று பிறகு நீயே சொன்னாய். ஆகவே நான் செய்தது எல்லாமே கெடுதல் என்று சொல்லமாட்டேன். என்னுடைய ஆபத்தே அதுதான், பாதி விஷயத்தில் நான் சொன்னது சரியாக இருந்துவிட்டது.

இந்த ஊரில் உனக்குப் பிடித்த மாதிரி வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மாதா கோயில் பாட்டுக்கு வாசிக்கிற சார்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஜாஸ் தெரியாது. நீ ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாய். பதினேழு வயதில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விளக்கினாய். சாதாரண கார்ட் என்றால் சி, ஈ, ஜி என்று மூன்று சுரத்தைச் சேர்த்து அழுத்துவது. ஒன்று விட்டு ஒன்று. அதோடு நிறுத்தாமல் அதே மாதிரி ஒன்று விட்டு ஒன்று மேலே ஏறிக்கொண்டே போனால் ஏழு, ஒன்பது, பதினொன்று, பதிமூன்று என்று வரும், அதுதான் நீட்டின கார்ட் என்றாய். ஏழு சுரத்துக்கு மேல் இல்லாதபோது ஒன்பது எங்கேயிருந்து வந்தது, ஒன்பது என்பது இரண்டுதானே, அதே டி தானே என்று நான் மடக்கினேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆளு ஒரே ஆளுதாம்மா. கீழ் வீட்டுல இருந்தா ரெண்டு, மூணாவது மாடிக்குக் குடிபோனா ஒன்பது. அங்கன இருந்து பாத்தா கடல் தெரியும்லா" என்றாய். அப்பா சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள், அடுக்கிக்கொண்டே போனால் எல்லாம் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளுமே என்றுதான் நினைத்தேன். மெஷின் அப்படித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அடுத்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். உன் மாமா மகள் கல்யாண ரிசப்ஷன். பாட்டுக் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்க வந்தவருக்குக் காய்ச்சல். உனக்கு வாசிக்க வரும் என்று யாரோ சொல்ல, கச்சேரி நடத்துகிற அண்ணாச்சி உன்னை மேடைக்குக் கூப்பிட்டார். முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயிற்று. மூன்றாவது, மாப்பிள்ளையின் சித்தப்பா ஆசைப்பட்டுப் பாடவந்தார். மெதுவான பாட்டு. நீ உன் நோட்டில் இருந்த நீட்டின கார்டுகளை அதற்கு வாசித்தாய். இரண்டு வரி பாடுவதற்குள் அவர் வழி தெரியாமல் நின்றுவிட்டார், திரும்பி உன்னை முறைத்தார். கூட்டத்தில் தலைகள் திரும்பின. பக்கத்திலிருந்த உன் மாமா, "ஏளா, ஒம் மவன் என்னத்தயோ வாசிச்சு மானத்த வாங்குதான். சம்பந்திக்காரங்க பாக்காங்க" என்றான். நான் எழுந்தேன். இன்ஸ்டிடியூட்டில் எழுவது மாதிரிதான் எழுந்தேன். பட்டுச்சேலையோடு மேடையேறி உனக்குப் பின்னால் வந்து, உன் வலது கைச் சுண்டுவிரலைப் பிடித்து அந்தக் கட்டையிலிருந்து தூக்கினேன்.

மண்டபமே சிரித்தது. மைக்கில் யாரோ, "டீச்சர் பரீட்சை வச்சுட்டாங்க" என்றான், அதற்கும் ஒரு சிரிப்பு. நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சப் பாட்டுக்கு வெறும் மூன்று சுரத்தை வைத்து ஒப்பேற்றிவிட்டு எழுந்து போனாய். சாப்பிடவில்லை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஒரு தப்பைத் திருத்திய திருப்தியில் பந்தியில் உட்கார்ந்து நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை நீ என்னிடம் வந்து கேட்டதை நீ மறந்திருக்கமாட்டாய். நான் முதல் பேட்ச் முடித்துவிட்டு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். "எம்மா, எனக்குக் காது சரியில்லையா? எனக்கு அது நல்லாத்தான இருந்துச்சு" என்றாய். நீ சண்டைக்கு வரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாய். பத்தொன்பது வயதுப் பையன் அம்மாவிடம் அப்படி வந்து கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது. நான், "ஆமாய்யா, சரியில்லதான். எல்லாருக்கும் தப்பாத் தெரிஞ்சது ஒனக்கு மட்டும் நல்லா இருந்துச்சுன்னா என்ன அர்த்தம்? படிப்பப் பாரு" என்றேன். நீ சரி என்று தலையாட்டினாய். அன்றைக்கே பியானோவை மூடித் துணி போர்த்தினாய். அதன் பிறகு அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை.

இதுவரை உனக்குத் தெரியும். இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அந்தக் கச்சேரி அண்ணாச்சி இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். மெஷின் சத்தத்தில் பேசமுடியாமல் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு பேசினார், அவ்வளவு மரியாதை. "அக்கா, ஒங்க பையன் வாசிச்சது தப்பே இல்ல. பாடுனவருதான் சுருதிய விட்டுட்டாரு. அவன் வச்சதெல்லாம் சரியான எடம். இருவது வருசமா மேடையில நிக்கேன், இந்தக் காது எங்க யாருக்கும் கெடையாது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ரிகர்சலுக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். தன் விசிட்டிங் கார்டையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் வீட்டுக்கு வந்தேன். நீ ஹாலில்தான் உட்கார்ந்திருந்தாய், கையில் பாடப்புத்தகம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கார்டை என்ன செய்தேன் என்பதுகூட நினைவில் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று பல விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கச்சேரிக்காரர்களோடு சேர்ந்தால் பையன் படிப்பை விட்டுவிடுவான் என்ற பயம். மேடைப் பிழைப்பு நிலையில்லை என்ற கவலை. எல்லாத் தாயும் சொல்லுகிற காரணங்கள், கேட்பவர்களும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு தேடிப் பிடித்தது. நிஜம் என்னவென்றால், அத்தனை பேர் முன்னால் ஏறிப் போய் ஒரு சரியான விரலைத் தப்பென்று தூக்கிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். தப்பைச் சுழிப்பதே தொழிலாக இருந்தவள், தன் தப்பைச் சுழிக்கவேண்டி வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குக் கூலியாக நீ பதினோரு வருஷம் உன் காதைச் சந்தேகப்பட்டாய். பெங்களூரில் சரக்கு அனுப்புகிற கம்பெனியில் நல்ல வேலை, நல்ல பெயர், எல்லாம் சரி. காரில் பாட்டுக்கூடப் போடமாட்டாய் என்று அப்பா ஒருமுறை சொன்னார். எனக்கு ஏன் என்று தெரியும். நான் சும்மா இருந்தேன்.

நிவேதா வந்துபோன மறுநாள் உன் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். அப்பா காலையில் மார்க்கெட்டுக்குப் போனதும் துணியை எடுத்துவிட்டு உட்காருவேன். எனக்கு அறுபத்தொரு வயது, விரல் இன்னும் நன்றாக ஓடுகிறது. டைப்ரைட்டரில் ஏ எஸ் டி எஃப் அடித்துப் பழகிய விரல்கள், ஒவ்வொன்றாக ஓடச் சொன்னால் ஓடும். நான்கு கட்டையைச் சேர்த்து அழுத்தச் சொன்னால் கை மறுத்தது. அழுத்துகிற கணத்தில் எங்கேயோ தண்டு மாட்டிக்கொள்ளப் போகிறது என்று தோள்பட்டை இறுகிவிடும். அந்தப் பயம் போகவே பத்து நாள் ஆனது. உன் நோட்டில் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தாய்: அடிச் சுரத்தை வாசிக்காதே, அதை பேஸ் கிதார் வாசிக்கிறவர் பார்த்துக்கொள்வார், தனியாக இருந்தால் நீ மனதுக்குள் பாடிக்கொள். டி மைனர் நைன்த் என்று பெயர், ஆனால் கையில் டி கிடையாது. எஃப், ஏ, சி, ஈ. எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. வீடு யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆளே வீட்டில் இல்லை.

மூன்றாவது வாரத்தில் ஒன்று புரிந்தது. அந்தக் கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு, ஜி தேர்ட்டீன்த்துக்குப் போக, நான் கையை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டிருந்தேன். நோட்டை மறுபடி பார்த்தால், எஃப், ஏ, பி, ஈ. நான்கில் மூன்று விரல் இருந்த இடத்தில் இருக்கிறது. நடுவிரல் மட்டும் சி-யிலிருந்து பி-க்கு அரைப் படி இறங்குகிறது, அவ்வளவுதான். அதிலிருந்து சி மேஜர் நைன்த்துக்குப் போகும்போது அந்த நடுவிரல் நின்றுகொள்கிறது, மற்ற மூன்றும் கீழே இறங்கி ஈ, ஜி, பி, டி என்று உட்கார்ந்துவிடுகின்றன. பெரிய பெரிய பெயர்களாக இருக்கிறதே தவிர, யாரும் எங்கேயும் ஓடவில்லை. பக்கத்து இடத்துக்கு நகர்ந்துகொள்கிறார்கள். மேலே, சுண்டுவிரலில், அந்த ஒன்பது. நான் தூக்கிய விரல். அதை எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தேன், மறுபடி சேர்த்து வைத்துப் பார்த்தேன். இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

கதிர், எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை.

இதை உனக்குச் சொல்லவில்லை, அப்பாவையும் சொல்லவிடவில்லை. எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. முப்பது வருஷம் பதினெட்டு மெஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும் என்றார் டாக்டர். சத்தம் கேட்கிறது, சுரம் பிரியவில்லை. மூன்று சுரமும் நான்கு சுரமும் எனக்கு ஒரே குவியலாகத்தான் வருகிறது. விரல் நகர்வதைக் கண் பார்க்கிறது, காது சும்மா இருக்கிறது. காதில் வைக்கிற மெஷினும் வாங்கியாயிற்று. எதிரில் ஆள் நின்று பேசினால் அதில் கொஞ்சம் கேட்கும். பியானோ, தட்டுமுட்டுச் சாமான் உருளுகிற மாதிரி கேட்கிறது. இன்னும் இரண்டு வருஷத்தில் பேச்சும் போய்விடலாம் என்கிறார். எது சரி என்று கற்றுக்கொள்ள நான் உட்கார்ந்தபோது, அதைத் தெரிந்துகொள்கிற உறுப்பு என்னிடம் இல்லை. உன்னிடம் இருந்தது. அது சரியில்லை என்று நான்தான் சொன்னேன்.

ஃபோனில் இரண்டு வருஷமாக நீ பேசுவது எனக்குப் பாதிக்கு மேல் புரிவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நீ பேசுகிறாய், நான் இடம் பார்த்து "சரிய்யா" என்கிறேன். கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சம், அதிலும் அந்தப் பாழாய்ப்போன கர்வம்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ கொஞ்சம் நீளமாகப் பேசினாய். நான் இரண்டு மூன்று தடவை சரிய்யா சரிய்யா என்றுவிட்டு ஃபோனை அப்பாவிடம் கொடுத்தேன். சாப்பிடும்போது அப்பா, "வெள்ளிக்கெழம ஆளு வரச் சொல்லியிருக்கேன்" என்றார். எதற்கு என்றேன். "பியானோவ எடுக்கத்தான். எடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்கு, கல்யாணத்துக்கு முன்ன குடுத்துருவோம்னு அவன் கேட்டான். நீதான சரின்ன" என்றார்.

நிறுத்தியிருக்கலாமே என்று நீ கேட்கலாம், அல்லது கேட்காமலும் இருக்கலாம். நான்கு நாள் அவகாசம் இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு நிறுத்துவேன்? அது உன் சாமான். வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒருமுறை நீ வேண்டும் என்றதை உன் கையிலிருந்து எடுத்தவள், இப்போது நீ வேண்டாம் என்பதைப் பிடித்து வைத்துக்கொண்டால், அதுவும் மேடையேறி விரலைத் தூக்குகிற வேலைதான். அதனால் பேசாமல் இருந்தேன். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இப்போது எதுவுமே சரியா என்று தெரிவதில்லை.

இன்று காலை ஆட்கள் வருவதற்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்தேன். மூன்று கார்ட், ஒன்றன்பின் ஒன்றாக. ஏ கட்டை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை, அதை நகத்தால் தூக்கிவிட்டு வாசித்தேன். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, முன் பலகையில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டேன். பல் வழியாக ஒரு அதிர்வு வந்தது. சுண்டுவிரலை எடுத்தால் அது குறைந்தது, வைத்தால் மறுபடி நிறைந்தது. அவ்வளவுதான் என்னால் தெரிந்துகொள்ள முடிந்தது. அது அழகாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்று அங்கே இருந்தது, அதை நான் எடுத்தேன் என்பது மட்டும் தெரிந்தது. ஆட்கள் வந்து தூக்கும்போது ஒருவர் முழங்கையை மொத்தமாகக் கட்டைகளின் மேல் ஊன்றினார். மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்துத்தான் சத்தம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நிவேதாவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதே, அதற்கான தகுதி என்னிடம் இல்லை. அவள் சொல்வதில், செய்வதில் உனக்குப் பழக்கமில்லாத ஒன்று வரும். ஊரே அதைப் பார்த்துச் சிரிக்கலாம். உன் பக்கத்து ஆட்கள், நானும் உன் மாமாவும் உட்பட, மானம் போகிறது என்று உன் காதைக் கடிப்போம். அப்போது எழுந்து போகாதே. கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. புரியாததெல்லாம் தப்பு இல்லை என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு அறுபத்தொரு வயதாகியிருக்கிறது, கற்றுக்கொண்டதை வைத்து ஒன்றும் செய்யமுடியாத வயது. அவளிடம் நான் பொய் சொன்னேன் என்று நானே சொல்லிவிடுகிறேன். நீ வாசித்தாய் என்பதை நீதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் நான் கேட்கமாட்டேன்.

உன் நோட்டை இதோடு கூரியரில் வைத்து அனுப்புகிறேன். நீ மறுபடி வாசிக்கவேண்டும் என்று எழுதக் கை துடிக்கிறது, எழுதமாட்டேன். பதினோரு வருஷத்தை ஒரு கடிதம் திருப்பிக் கொடுத்துவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் சின்னப்பிள்ளை இல்லை. அந்த அண்ணாச்சியைத் தேடிப் போனேன், ஆள் ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறதாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே உன் காது சரி என்று சொல்ல ஊரில் வேறு சாட்சி இல்லை, இந்தச் செவிட்டுக் கிழவி ஒருத்திதான். உன் காதில் ஒரு குறையும் இல்லை. நீ வாசித்தது சரி. பொய் சொன்னது நான்.

இதைப் படித்ததும் உனக்கு ஃபோனை எடுக்கத் தோன்றும். எடுக்காதே. நீ என்ன சொன்னாலும் எவ்வளவு கோபமாகச் சொன்னாலும் எனக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் வந்து சேரும், பழக்கதோஷத்தில் நானும் சரிய்யா சரிய்யா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நீ முதல்முறையாக என்னைத் திட்டப்போகிறாய், அது என்னிடம் வந்து சேராமல் போய்விடக் கூடாது. அதனால் எழுது. ஒரு வரியானாலும் சரி, பத்துப் பக்கமானாலும் சரி, அப்பா பெயருக்கு வேண்டாம், என் பெயருக்கே எழுது. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதே, நான் நம்பமாட்டேன். சொல்ல நினைத்ததை நினைத்தபடியே எழுது. எனக்குக் கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அம்மா